புதுக் கைக்கு மாத்திரை எதற்கு?

2015 ஜூலையில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், எட்டு வயதுப் பையனுக்கு இரண்டு கைகளைப் பொருத்தினார்கள். இறந்துபோன வேறொரு குழந்தையின் கைகள் அவை. எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு, தசைநாண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இணைக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு குழந்தைக்கு இரு கைகளையும் மாற்றியது உலகில் அதுதான் முதல்முறை.

கையில்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, இவனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இவன் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! இரண்டு வயதில் வந்த கடுமையான கிருமித்தொற்று இவனுடைய கைகால்களோடு சிறுநீரகங்களையும் பறித்துவிட்டது. பிறகு அம்மா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அதை உடம்பு எதிர்க்காமல் இருக்க அன்று தொடங்கிய மாத்திரைதான் அது. புதுக் கைக்கும் அதே வகை மாத்திரைதான் வேண்டும்.

நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளணுக்கள் ஓயாமல் ரோந்து சுற்றுகின்றன. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் 'நான் இந்த வீட்டு ஆள்' என்று ஓர் அடையாளத்தை வெளியே காட்டும். அடையாளம் மாறியிருந்தால் டி செல் ஒரு ரசாயனத்தைச் சுரந்து, கூட்டம் கூட்டமாகப் பெருகித் தாக்கும். வந்தது கிருமியா, தானமாகக் கிடைத்த கையா என்றெல்லாம் அது பார்க்காது.

இந்தத் தாக்குதலைத் தடுக்கத்தான் மாத்திரை. அதற்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து டி செல்லைக் கொல்வதில்லை. உள்ளே நுழைந்து, அந்த ரசாயனம் சுரக்க உதவும் கால்சினியூரின் என்ற புரதத்தை மடக்கிப்போடுகிறது, அவ்வளவுதான். 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா தயாரிக்கும் பொருள் இது. மண்ணில் கிடந்த நுண்ணுயிர் மனிதனின் கையைக் காப்பாற்றுகிறது என்றால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

உடம்பு மிகக் கடுமையாக எதிர்ப்பது தோலைத்தான். கை முழுக்கத் தோல் அல்லவா? ஆனால் அதில் ஒரு வசதியும் உண்டு. உள்ளே இருக்கும் சிறுநீரகத்தைத் தாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. கையைத் தாக்கினால் தோலில் சிவப்புத் திட்டுகள் எழும். உடனே மருந்தைக் கூட்டிவிடலாம். அந்தப் பையனுக்கு முதல் 18 மாதங்களில் எட்டு முறை இப்படி வந்தது. எட்டு முறையும் மருந்தால் அடக்கினார்கள். அதற்குள் அவன் எழுதவும் பேஸ்பால் மட்டை வீசவும் பழகிவிட்டான்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? 1998இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஒரு நியூசிலாந்துக்காரருக்குக் கை பொருத்தினார்கள். அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. 2001இல் அந்தக் கையை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

அதற்காக அள்ளி விழுங்கவும் முடியாது. அளவு மீறினால் சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும், சிறுநீரகமும் கெடும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். பம்பளிமாஸ் பழத்துக்கும் தடை உண்டு! குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழச்சாறு முடக்கிவிடும். சாப்பிட்டது வழக்கமான மாத்திரைதான் என்றாலும், ரத்தத்தில் மருந்து எகிறிவிடும்.