காப்பவர் கையில் விதி

போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு வரும் ஏலக்காயின் விலை, அதன் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்தே வைக்கப்படுகிறது. காய்க்கு நிழல் தந்து, சரிவின் மண்ணை அரிக்கவிடாமல் பிடித்து, குரங்கணிப் பக்கத்தில் கொட்டகுடி ஆற்றின் ஊற்றுகளையும் காக்கிற மரங்களுக்கு அந்த விலையில் பங்கில்லை. ஒரு செயலின் நன்மை தீமைகள் விலைக்குள் அடங்காமல் பிறரைச் சென்று சேர்வதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். மரத்தை வெட்டுபவருக்கு உடனே காசு கிடைக்கிறது, இழப்போ சமவெளிப் பாசனத்தாருடையது.

கொட்டகுடியின் நீரை வாங்கிய வைகை, இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போக மிஞ்சியதைக் கடலில் சேர்க்கிறது. அம்மாவட்டத்துப் பவளப்பாறைகளின் சிக்கலும் இத்தகைய புறவிளைவே. மீனுக்கு உறைவிடமாகவும் அலைக்கு அரணாகவும் இருந்தவரை விலை பெறாத பாறை, வெட்டிச் சுண்ணாம்பாக்கியபோது விலை பெற்றது. அதன் விளைவாக மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீரில் மூழ்கின.

1986-இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறைகளாகப் பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவந்த மீனவப் பெண்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டனர். கூர்ம்பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் இப்பெண்கள், பின்னர்த் தாங்களே கூடி விதி வகுத்தனர்: பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள் என மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் அறவே இறங்காதிருப்பது, உலோகச் சுரண்டியைத் தொடாதிருப்பது. நிலவை எல்லோரும் காண்பதால் இவ்விதியைக் கண்காணிக்கத் தனிச் செலவில்லை. மீறுபவரைப் பக்கத்தில் மூழ்குபவரே அறிவார். காவல் படகுக்கு எரிபொருள் ஊற்றிச் செய்யும் காப்பைவிட இது மலிவானது, நியாயமானதும்கூட. இம்முயற்சிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்னும் சூழல்காப்பு அமைப்பின் பரிசு வழங்கப்பட்டது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்கும் விதிகளை வகுத்துக்கொள்ள வல்லவர் என்று நிறுவி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் தேட வேண்டியதில்லை.

கடல் சூடாகி 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளிறியதை எந்த ஊர்க்கட்டுப்பாடும் தடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் வெளிறிய பாறை மீண்டு எழ, மனிதக் கை படாத நாட்கள் தேவை.

போடிமலைச் சரிவில் நிழல்மரங்களை நிறுத்தி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் விதி வகுக்கும் உரிமை வேண்டும். வைகை நீரால் பயன்பெறும் ஊர்களின் வருவாயில் ஒரு பங்கு அவர்களைச் சேர அரசு வழிசெய்ய வேண்டும்.