வளையாத டிஸ்க்

கொல்லிமலையிலிருந்து இறங்கிய மறுநாள், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறியது. பெடல் உள்ளங்காலில் துடித்தது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் பெண்டாயிருச்சுங்க" என்றார்.

எல்லாப் பட்டறையிலும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் சக்கரத்தைக் கழற்றி, டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றியபோது முள் பெரிதாக அசையவில்லை. பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனை அளந்தார். ஓரிடம் மட்டும் 0.03 மில்லிமீட்டர் கூடுதல். தலைமுடியில் பாதிப் பருமன்கூட இருக்காது. அந்த மேடு, டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேடுகளுக்கு இடையே வரும்போதெல்லாம் அவற்றை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிரேக் ஆயில் வழியாக அந்த உந்தல் நம் பாதத்துக்கு வந்துவிடுகிறது.

மேடு எங்கிருந்து வந்தது? மலையிலிருந்துதான். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1.2 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நானோ மூன்றாவது கியரிலேயே சொகுசாக வந்தேன். பெரும் பகுதி முன்சக்கர டிஸ்க்குகளின் தலையில் விழுந்தது.

பேடு டிஸ்க்கை வெறுமனே தேய்ப்பதில்லை. பிசின், உலோக நார், கிராஃபைட் எல்லாம் சேர்த்து அழுத்திய கட்டி அது. தேயும்போது தன் பொருளையே டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் பூசிவிடுகிறது. பிறகு பிடிக்கும்போதெல்லாம் படலமும் பேடும்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சீராகப் பூசியிருக்கும் வரை தொல்லையில்லை. நானோ அடிவாரத்தில் டீக்கடையைக் கண்டதும் நிறுத்தி, பேச்சு சுவாரஸ்யத்தில் பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சூடான இஸ்திரிப் பெட்டியைச் சட்டையில் வைத்து மறந்த கதை. பேடின் அச்சு அப்படியே பதிந்துவிட்டது.

அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகம் உரசும், அதிகம் சூடாகும். 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கார்பன் இரும்போடு கூடிச் சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறத் தொடங்கும். அது லேசில் தேயாது. சுற்றியுள்ள இரும்பு தேயத் தேய மேடு இன்னும் எழும்பும். எழும்பினால் மேலும் சூடு.

லேத்தில் கொடுத்துக் கடைந்தால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வந்துவிடும். சிமென்டைட் உள்ளே இறங்கியிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பிவிடும். எங்கள் டிஸ்க்கோ, ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனை ஏற்கெனவே நெருங்கிவிட்டது. புதிது வாங்கினோம். பொருத்துமுன், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்திலிருந்த துருவை உப்புத்தாள் போட்டுச் சுரண்டினார். நடுவில் ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் விளிம்பில் ஆட்டம் பெருகும்.

பேடுகளிலும் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம்; அவற்றையும் மாற்றினோம். இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அவற்றிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டிருக்கும். இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, அவருடைய செம்புப் பேடுகள் போட்ட கூச்சல் பெரிய தலைவலி. இன்று அதே கூச்சலை எச்சரிக்கையாக வேண்டுமென்றே வைக்கிறோம்.

புதுப் பேடுக்கு இடம் வேண்டுமே. பிஸ்டனைப் பின்னுக்கு அழுத்தினார். "கிளப்பாதீங்க, முதல்ல மிதிங்க" என்றார். முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது, அடுத்ததில் பாதி, மூன்றாவதில் கெட்டியாக நின்றது.

பிறகு பக்கத்தில் ஏறிக்கொண்டார். 60இல் போய் 15க்குக் குறைக்க வேண்டும், முழுக்க நிற்கக் கூடாது. திரும்பத் திரும்பப் பத்துத் தடவை. புதுப் படலம் சீராகப் பூசிக்கொள்ளத்தான். பத்தாவது முறை புறவழிச்சாலையில் ஒரு டீக்கடை வந்தது. கால் தானாகப் பெடலுக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க. கொஞ்ச தூரம் ஓடி ஆறட்டும்" என்றார்.