எண்பத்தேழில் ஒரு பங்கு

நுழையும்முன்

உண்மைத் தொடர்வண்டியை அளவெடுத்துச் சுருக்கி, அது ஓடும் நிலத்தையும் சேர்த்து ஒரு மேசைமேல் அமைப்பது உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ள பொழுதுபோக்குக் கலையாகும். கணக்கு, மின்னியல், தச்சு, ஓவியம் ஆகிய நான்கும் அதில் கலந்துள்ளன. மேட்டுப்பாளையம் தொடர்வண்டி நிலையத்தைச் சான்றாகக் கொண்டு அக்கலையை விளக்குகிறது இப்பாடம்.

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே செல்லும் அகலப்பாதை மேட்டுப்பாளையத்தில் முடிகிறது. அங்கிருந்து நீலகிரி மலைமேல் ஏற வேறொரு பாதை தொடங்குகிறது. முன்னதன் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி. பின்னதற்குச் சரியாக ஒரு மீட்டர். போத்தனூரிலிருந்து 1873இல் வந்து சேர்ந்த பாதையும், 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் எட்டிய மலைப்பாதையும் இந்நிலையத்தில் சந்திக்கின்றன. சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள், விடிந்தும் விடியாத பொழுதில் நீண்ட வண்டியிலிருந்து இறங்கிச் சின்னஞ்சிறு மலைவண்டிக்கு மாறும் காட்சியை இங்குக் காணலாம்.

மாதிரித் தளம் அமைக்க விரும்பும் கொங்குநாட்டு மாணவர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இதைவிடக் கடினமான இடமும் அரிதே.

பொம்மையும் மாதிரியும்

செருமனி நாட்டின் மார்க்லின் நிறுவனம் 1891இல் பொம்மைத் தொடர்வண்டிகளுக்கு வரையறுத்த பாதை அகலங்களை வகுத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920இல் தம் பெயரால் பொம்மை வண்டிகளை விற்கத் தொடங்கினார். சாவி கொடுத்தால் அவை வட்டமாகச் சுற்றிவரும். பார்க்கும் குழந்தைக்கு அதுவே போதும். மாதிரி என்பது அதிலிருந்து வேறுபட்டது. மாதிரி வண்டிக்குப் புறப்படும் இடம் ஒன்றும் சேரும் இடம் ஒன்றும் உண்டு. ஏன் அங்குச் செல்கிறது என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. சரக்குக் கிடங்கின் கதவு எத்திசையில் திறக்கிறது, எந்திரத்திற்குத் தண்ணீர் எங்கே நிரப்பப்படுகிறது என்பன போன்ற வினாக்கள் எழத் தொடங்கும் இடத்தில் பொம்மை மாதிரியாகிறது. இந்தியாவில் இக்கலையைப் பொதுமக்கள் காணும்படி செய்தவருள் ஒருவர் புனே நகரின் பி. எஸ். ஜோஷி. அவர் உருவாக்கிய சிறு தொடர்வண்டி அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது.

சுருக்கத்தின் கணக்கு

உலகில் மிகுதியாகப் பின்பற்றப்படும் அளவுவிகிதம் எண்பத்தேழில் ஒரு பங்கு. உண்மையில் 87 சென்டிமீட்டர் உள்ள பொருள் மாதிரியில் ஒரு சென்டிமீட்டராகும். ஆறடி மனிதர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பார்.

இவ்விகிதத்தில் நீலகிரி மலைப்பாதையை முழுமையாக அமைக்க முயன்றால் என்ன ஆகும்? பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 529 மீட்டர் வருகிறது. ஐந்து கால்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுக்கினால்தான் அது அடங்கும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் 2203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வேறுபாட்டைச் சுருக்கினாலும் இருபத்தொன்றரை மீட்டர் எஞ்சும். அதாவது, மாதிரி வண்டி ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏற வேண்டும்! 208 வளைவுகளையும் 250 பாலங்களையும் 16 குகைவழிகளையும் வேறு கட்ட வேண்டும்.

ஆகவே, எதைச் செய்வது என்பதைக் காட்டிலும் எதை விடுவது என்பதே மாதிரிக் கலைஞரின் முதல் முடிவாகிறது. ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு சுவரை ஒட்டி மேசை போடலாம் எனக் கொள்வோம். அந்த ஆறு மீட்டர், உண்மையில் 522 மீட்டரைக் குறிக்கும். இருபது பெட்டிகள் கொண்ட அகலப்பாதை வண்டி ஒன்றே அதில் ஐந்து மீட்டரை விழுங்கிவிடும். எனவே, அவ்வண்டியை ஆறேழு பெட்டிகளாகக் குறைத்து, நடைமேடையையும் அதற்கேற்ப வெட்ட வேண்டியுள்ளது. மலைவண்டிக்கு இத்தொல்லை இல்லை. மூன்று நான்கு பெட்டிகளும் ஓர் எந்திரமும் ஒரு மீட்டருக்குள் முழுமையாக அடங்கிவிடும்.

அடுத்த இடர் பாதையின் அகலத்தில் உள்ளது. கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அகலம், நம்முடையது அன்று. இந்திய அகலப்பாதையைச் சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். மீட்டர் பாதைக்கு 11.5 வர வேண்டும். அதற்கெனக் கிடைப்பது 12. வேறு எந்த நிலையமாயினும் இக்குறையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். மேட்டுப்பாளையத்தில் அவ்வாறு விட முடியாது. இரண்டு பாதைகளும் ஒரே பார்வையில் படும் நிலையம் அது. உண்மை அளவில் அவற்றுக்கிடையே எட்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருக்க, கடைத் தண்டவாளங்களை இட்டால் நான்கரை மில்லிமீட்டரே இருக்கும். பெரியதும் சிறியதும் அருகருகே நிற்கும் அந்நிலையத்தின் தனித்தன்மையே மங்கிவிடும். ஆகவே, உழைப்பு மிகுதியாயினும் அகலப்பாதையைக் கையாலேயே இடுவது தகும். மரச்சிறு கட்டைகளை ஒட்டி, அவற்றின்மேல் தண்டவாளக் கம்பிகளை அளவுகோல் வைத்துப் பொருத்த வேண்டும். 19.3 மில்லிமீட்டருக்கேற்ற சக்கர அச்சுகளைக் கடைந்து தருவதற்குக் கோவையில் லேத்துப் பட்டறைகளுக்கா பஞ்சம்?

ஏற்றம்

கல்லாறு தாண்டியதும் மலைப்பாதை பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் அளவில் ஏறத் தொடங்குகிறது. பன்னிரண்டு மீட்டர் முன்னே செல்லும்போது ஒரு மீட்டர் மேலே செல்கிறது. வழுவழுப்பான இரும்பின்மேல் உருளும் இரும்புச் சக்கரத்தால் உராய்வை மட்டும் நம்பி இவ்வளவு செங்குத்தாக ஏற முடியாது. எனவே, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த பற்சட்ட முறை குன்னூர் வரை கையாளப்படுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்கள் அருகருகே செல்கின்றன. ஒன்றில் பல் உள்ள இடத்தில் மற்றதில் இடைவெளி இருக்கும்; அதனால் எந்திரத்தின் பற்சக்கரம் எந்நொடியிலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். எந்திரம் வண்டியின் முன்னே நின்று இழுப்பதில்லை; கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது.

மாதிரியிலும் இயற்பியல் மாறுவதில்லை. சாதாரண மாதிரி எந்திரம் நூற்றுக்கு இரண்டு மூன்று என்னும் ஏற்றத்திலேயே திணறும். நூற்றுக்கு எட்டு என்னும் ஏற்றத்தில் அதன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். எனவே, உண்மைப் பாதையின் கட்டுமானர் கண்ட தீர்வையே மாதிரிக் கலைஞரும் கையாள வேண்டியவராகிறார். சுருக்கிய பற்சட்டத்தைப் பாதையின் நடுவே பதித்து, எந்திரத்தின் அடியில் பற்சக்கரத்தைப் பொருத்த வேண்டும். ஒன்றேகால் மீட்டர் நீளத்திற்குள் வண்டி பத்துச் சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அவ்வளவு ஏறியதும் அதை ஒரு குகைவழிக்குள் அனுப்பிவிடலாம். எஞ்சிய மலை முழுவதும் பின்பலகையில் ஓவியமாக நிற்கும். அப்பலகைக்குப் பின்னே மறைதடம் ஒன்றில் வண்டி காத்திருந்து, உரிய நேரத்தில் குன்னூரிலிருந்து இறங்கிவருவதுபோலத் திரும்பி வரும்.

புதிதாகத் தளம் அமைப்போர் பெரும்பாலும் வண்டியை விரைவாக ஓட்டிவிடுவர். மலைவண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மாதிரியில் அது நொடிக்கு மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆறு மீட்டர் மேசையைக் கடக்க மூன்று நிமிடங்கள் ஆகும். அவ்வளவு மெதுவாக, தயக்கமின்றி ஓடும் மின்மோட்டாரைத் தேர்ந்து பல்லிணைகளைச் சீராக்குவதே தளத்தை மேம்படுத்தும் பணிகளுள் முதன்மையானது.

தண்டவாளமே மின்கம்பி

மாதிரி எந்திரத்திற்கு வேண்டிய 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தண்டவாளங்களின் வழியே வருகிறது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். பாதை வளைந்து தன்னோடு தானே வந்து சேரும் இடத்தில் வலத் தண்டவாளம் இடத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படும். எனவே, அங்கு இடைவெளி விட்டுத் தனிச் சொடுக்கி வைப்பர். இக்காலத்தில் ஒவ்வோர் எந்திரத்திற்குள்ளும் முகவரி கொண்ட சில்லு ஒன்றைப் பொருத்தி, ஒரே பாதையில் பல வண்டிகளைத் தனித்தனியே இயக்கும் எண்முறையும் பரவியுள்ளது.

தொடக்கத்தில் நன்றாக ஓடிய வண்டி சில திங்களில் மேசையின் கோடியில் தயங்கத் தொடங்கும். தண்டவாள இணைப்புகளில் மாசு படிந்து மின்தடை கூடியிருக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் அடியிலிருந்து ஒரு கம்பியைப் பற்றவைத்துவிட்டால் இக்குறை நீங்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946இல் தொடங்கப்பட்ட மாதிரித் தொடர்வண்டிக் கழகத்தில் சில மாணவர்கள் மேலே ஓடும் வண்டிகளைவிட மேசைக்கு அடியில் உள்ள மின்சுற்றுகளையே பெரிதும் விரும்பினர். தொலைபேசி இணைப்பகக் கருவிகளைக் கொண்டு அவற்றை அமைத்த அக்கழகத்தினர் பின்னர்க் கணினி நிரலாக்கத்தின் முன்னோடிகளாயினர்.

ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் மேசையையும் விட்டுவைப்பதில்லை. ஈரத்தில் ஒட்டுப்பலகை உப்பும். கோடையில் உலோகம் நீளும். பத்து மீட்டர்த் தண்டவாளம் இருபது பாகை வெப்பம் கூடினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி விடாதவரின் பாதை சித்திரை மாதத்தில் பாம்புபோல் நெளியும்.

மண்ணும் மரமும்

நிலக்காட்சிக்கு வெளிநாட்டுப் பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டல் மண்ணைச் சலித்து, நீர்த்த பசையால் ஒட்டினால் பவானிக் கரையின் நிறம் தானே வந்துவிடும். தேங்காய் நார் புல்லாகும். வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினால் காட்டின் தரையாகும். தேயிலை விளையும் மலைக்கு அதுவே ஏற்றது என்பாரும் உளர். கடினமானது பாக்குமரம். கல்லாற்றுத் தோப்புகளின் மெலிந்து நெடிதுயர்ந்த பாக்குமரங்களைக் கம்பியில் நூல் சுற்றி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். பின்னே செல்லச் செல்ல மரங்களைச் சிறியனவாகவும் நிறத்தை நீலம் கலந்ததாகவும் அமைத்தால், ஒரு முழத் தொலைவு பல கல் தொலைவாகக் கண்ணை மயக்கும்.

எந்த ஆண்டு?

இவை அனைத்தையும் முடிவுசெய்த பிறகும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. மாதிரி காட்டுவது எந்த ஆண்டின் மேட்டுப்பாளையத்தை? சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்ட நிலக்கரி எந்திரங்களும், திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் பின்னாளில் கட்டப்பட்ட எண்ணெய் எரிக்கும் நீராவி எந்திரங்களும் இப்பாதையில் உழைத்துள்ளன. பெட்டிகளின் வண்ணம், நிலையப் பலகையின் எழுத்து, வெளியே நிற்கும் வண்டிகள் யாவும் காலத்திற்கேற்ப மாறியவை. ஆண்டைத் தேர்ந்ததும் மாதிரிக் கலைஞர் வரலாற்று ஆய்வாளராகவும் ஆகவேண்டியுள்ளது.

ஆத்திரேலியாவில் பிறந்து 1925இல் இங்கிலாந்திற்கு வந்த ராய் இங்கிலாந்து என்பவர், தாம் கண்ட சிற்றூர்களின் கூரைவீடுகள் விரைந்து மறைவதைக் கண்டு வருந்தினார். அவற்றை ஒவ்வொன்றாக அளவெடுத்து, சாளரத்தின் பூச்செடி வரைக்கும் சிறு வடிவில் பதிவுசெய்யத் தொடங்கினார். பென்டன் அருங்காட்சியகம் என 1954இல் உருப்பெற்ற அம்முயற்சியில், தொடர்வண்டியைவிட அது கடந்து செல்லும் ஊரே முதன்மை பெற்றது. அளவெடுக்கப்பட்ட வீடுகளுள் பல இடிந்து போயின. மாதிரியில் அவை நிற்கின்றன.

நீலகிரி மலைப்பாதைக்கு அத்தகைய அச்சம் இன்றில்லை. யுனெஸ்கோ 2005இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதன் படங்களுக்கும் குறிப்புகளுக்கும் குறைவில்லை. பொள்ளாச்சியின் நிலை வேறு. அங்கிருந்து போத்தனூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பாலக்காட்டிற்கும் சென்ற மீட்டர் பாதைகள் யாவும் இந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் அகலப்பாதைகளாயின. பயணியர்க்கு அது பெரும் நன்மை. ஆயின், தென்னந்தோப்புகளுக்கு ஊடே சென்ற அப்பழைய பாதையின் சிறு நிலையங்களை மேசைமேல் அமைக்க விரும்புவோர்க்கு அளவெடுக்கத் தண்டவாளம் இல்லை. ஓட்டுக்கூரையின் சரிவும் கைகாட்டி மரத்தின் உயரமும் பழைய ஒளிப்படங்களில் ஓரளவு கிடைக்கலாம். நெம்புகோல்களுள் எது எந்தத் தடத்திற்குரியது, கைவிளக்கு எந்தக் கொக்கியில் தொங்கியது, நிழலுக்கு நின்ற மரம் வேம்பா புளியா என்பன படங்களில் இரா. அப்பாதையில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இன்னும் போத்தனூரிலும் பொள்ளாச்சியிலும் வாழ்கின்றனர். அளவுகோலுக்கு முன்னதாக ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம்தான் செல்ல வேண்டும்.