களிமண் கோட்டையும் கைப்பிடி மாவும்: மும்பைக் குழந்தைகளின் வரலாற்றுப் பாடம்

மும்பை: தீபாவளி நெருங்கிவிட்டால் மகாராஷ்டிரத்தின் வீட்டு வாசல்களிலும் குடியிருப்பு முற்றங்களிலும் மண் கோட்டைகள் எழத் தொடங்கிவிடும். கல், உடைந்த செங்கல், பழைய சாக்கு ஆகியவற்றை அடுக்கி, மேலே சேற்றைப் பூசிச் சிறுவர்களே கட்டும் கோட்டைகள் இவை. சரிவுகளில் கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாள்களில் மலை பசுமையாகிவிடும். உச்சியில் களிமண் சிவாஜி அமர்ந்திருப்பார். படிகளில் மாவளா வீரர்கள் காவல் நிற்பார்கள்.

இதை யாரும் பாடத்திட்டம் என்று அழைப்பதில்லை, மதிப்பெண்ணும் கிடையாது. இந்த மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக நான்காம் வகுப்பு வரலாறு என்றாலே சிவாஜியின் வாழ்க்கைதான். அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் சிறுவனைவிடக் கோட்டை கட்டிய சிறுவனுக்குக் கூடுதலாகச் சில விஷயங்கள் தெரிகின்றன. வாயிலுக்குச் செல்லும் பாதையை ஏன் வளைத்து அமைத்தார்கள், மலை உச்சியில் குடிநீருக்கு என்ன செய்தார்கள், முற்றுகை நீடித்தால் தானியம் எத்தனை நாள் வரும் என்ற கேள்விகள் சேற்றில் கை வைத்தவனுக்கே எழுகின்றன.

இந்த விளையாட்டில் மும்பைத் தமிழ்க் குழந்தைகளுக்குப் பங்கு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். 1966-ல் தொடங்கப்பட்ட சிவசேனை, தனது முதல் ஆண்டுகளில் தென்னிந்தியர் எதிர்ப்பையே அரசியலாக நடத்தியது. சிவாஜியின் பெயரால் எழுந்த அந்த முழக்கங்களை மாதுங்காவின் பழைய குடும்பங்கள் மறந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வரலாறு அந்த முழக்கங்களைவிட விரிந்தது.

செஞ்சியும் இதில் அடக்கம்: 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் கோட்டைகள் 12. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. ஒன்று தமிழகத்தின் செஞ்சி. 1677-ல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம், முகலாயப் படையின் நெருக்குதலால் தெற்கே வந்து செஞ்சியிலிருந்தே மராட்டிய அரசை நடத்தினார். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-ல்தான் கோட்டை முகலாயர் வசமானது. மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்த அந்த அமைப்பையும் அதன் தானியக் களஞ்சியங்களையும் களிமண்ணில் செய்து பார்க்கும் தாராவிக் குழந்தைக்கு, மராட்டிய வரலாறும் தமிழக வரலாறும் ஒரே மலையில் சந்திப்பது புரியும். பாட்டி தேசிங்கு ராஜன் கதை சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அவன் ஆண்டதும் அதே கோட்டைதான்.

களிமண்ணுக்கும் கோட்டைக்கும் தாராவிக் குழந்தை வெகுதூரம் போக வேண்டியதில்லை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா அங்கேயே இருக்கிறது. மித்தி ஆற்றோரம், வீடுகளுக்கு நடுவே மறைந்து நிற்கிறது 'காலா கில்லா' என்ற கருங்கல் கோட்டை. ஆங்கிலேய ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737-ல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. எதிர்க்கரையில் போர்த்துக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவை மராட்டியர் கைப்பற்றியதும் அதே 1737-ல்தான். மூன்று ஆதிக்கங்களின் எல்லை தாராவி வழியே ஓடியிருக்கிறது! குடிசைப் பகுதி என்ற ஒரே சொல்லால் அடையாளம் காணப்படும் ஊரின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறு என்ன வேண்டும்?

மாவு சொல்லும் கதை: மண்ணைப் போலவே மாவும் ஆசிரியராகும். மும்பையின் 'பாவ்' போர்த்துக்கீசிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல். நம் வீட்டு ஜன்னலும் சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்த சொற்கள்தாம். கோவாவில் ரொட்டி சுட முற்பட்ட போர்த்துக்கீசியர், மாவைப் புளிக்கவைக்கக் கள்ளைப் பயன்படுத்தினர் என்பர். ஆப்ப மாவில் கள் சேர்க்கும் வழக்கம் தெரிந்த வீட்டுக் குழந்தைக்கு இது அந்நியமாக இராது. விடியலில் தாராவித் தமிழ்க் குடும்பங்கள் அவித்து நகரமெங்கும் விற்பனைக்கு அனுப்பும் இட்லியிலும் நடப்பது அதே புளிப்பின் வேலைதான்.

உடுப்பி உணவகங்களுக்கு எதிராக மராட்டியரின் சொந்த உணவு என்று சிவசேனை முன்னிறுத்திய வடா பாவைப் பிரித்துப் பார்த்தால், ரொட்டி போர்த்துக்கீசியருடையது; உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பத்து வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அரசியல்வாதிகள் சிரிப்பார்களா என்பது வேறு விஷயம்.

மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனால் ஈரானி உணவகத்தின் மொறுமொறுப்பான 'புருன்' ரொட்டி, யாஸ்த், கெர்மான் நகரங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜொராஷ்டிரியர்களைப் பற்றிச் சொல்லும். செம்பூர் முகாமில் சிந்திக் குடும்பங்கள் வெங்காயம் சேர்த்துச் சுடும் 'கோக்கி', 1947-ல் ஊரை இழந்து வந்தவர்களின் ரொட்டி. பிரிவினையைப் பத்து வயதில் தேதியாகப் படிப்பது ஒன்று. அந்த ரொட்டியைத் தட்டிச் சுட்டுவிட்டு 'இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?' என்று கேட்பது வேறு.

ஓர் எச்சரிக்கை: கைவேலை வழியே கல்வி என்றதும் தமிழ் வாசகருக்கு ஐயம் எழுவது நியாயமே. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை மையமாகக் கொண்டது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. அதைக் 'குலக்கல்வி' என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்தனர். 1954-ல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. குயவர் பிள்ளையைச் சூளைக்கும் தோல் தொழிலாளி பிள்ளையைப் பட்டறைக்கும் அனுப்புவது கல்வி ஆகாது. எழுத்தர் பிள்ளையும் அவர்களோடு அமர்ந்து ஒரே மண்ணைப் பிசைய வேண்டும்; பிசைந்தபின் மூவரும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். களிமண் எழுத்துக்கு மாற்றாகிவிட்டால் இழப்பு ஏழைக் குழந்தைக்கே.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் கூறியது. தமிழகம் எதிர்த்த 2020 கல்விக் கொள்கையும் செய்து கற்றலைப் பற்றித் தாராளமாகவே பேசுகிறது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

குறை நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது. அதானி குழுமம் 2022-ல் ஏலத்தில் பெற்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தங்கள் சூளைகள் என்னவாகும் என்பது குயவர்களின் கவலை. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதங்களில் மாற்று எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. நகரின் காற்றைக் கருதினால் அதில் தவறு காண இயலாது. ஆனாலும் விறகு அடுப்பின் வாயைக் குழந்தைகள் நேரில் பார்க்க வேண்டுமானால் அதற்கு இன்னும் அதிக காலம் இல்லை.

பாவ் மாவு பொங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். பாடவேளையோ முக்கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. காலை முதல் வேளையில் பிசைந்து மூடிவைத்தால், கணக்கும் மொழியும் முடிவதற்குள் மாவு பொங்கியிருக்கும். மதியத்துக்குப் பிறகு பக்கத்துப் பேக்கரியின் அடுப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில் சுட்டு எடுக்கலாம். தலைமை ஆசிரியரின் அனுமதியும் பேக்கரிக்காரரின் சம்மதமும் போதும்.