கேரி பேக் ரோடாகுது, கரும்புச் சக்கை பேப்பராகுது: 'இண்டஸ்ட்ரியல் எக்காலஜிஸ்ட்' என்ன வேலை பார்க்கிறார்?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் 2002-ல் ஒரு தார் ரோடு போட்டார்கள். பார்க்க எல்லா ரோட்டையும் போலத்தான் இருந்தது. ஆனால், ஜல்லி மேல் தார் படுவதற்கு முன்பே இன்னொரு பூச்சு ஏறியிருந்தது. டீக்கடை வாசலிலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கும் அதே கேரி பேக்தான், உருகிய வடிவில்.

இதற்குப் பின்னால் இருந்தவர் அந்தக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. 'பிளாஸ்டிக் மேன்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அவரை யாரும் 'இண்டஸ்ட்ரியல் எக்காலஜிஸ்ட்' என்று கூப்பிடுவதில்லை. ஆனால், அவர் செய்தது அந்த வேலையைத்தான்.

இதுல எக்காலஜி எங்கே வந்தது?

காட்டில் குப்பைத்தொட்டி கிடையாது. உதிர்ந்த இலை கரையானுக்குச் சாப்பாடு, கரையான் இன்னொன்றுக்கு. ஃபேக்டரிகளும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ராபர்ட் ஃபிராஷ், நிக்கோலஸ் கலோபூலோஸ் இருவரும் 1989-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கேட்ட கேள்வி இதுதான். ஒரு ஆலைக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது, வருவது வேறு யாருக்குத் தேவை என்று கணக்குப் போடும் துறை அதிலிருந்துதான் வேகமெடுத்தது.

டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரத்தை இதற்குப் பாடப்புத்தக உதாரணமாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்கிறது. சர்க்கரை ஆலைகள் பாய்லரில் போட்டு எரிக்கும் சக்கை அது. சும்மா கேட்டால் கொடுப்பார்களா? அதனால், சக்கைக்குப் பதிலாக ஆலைக்கு எரிபொருளோ நீராவியோ தருவதுதான் டீல். பண்டமாற்றுதான், கொஞ்சம் பெரிய சைஸில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கலும் உண்டு. கரும்பு வரத்து குறைந்து அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றது போல ஓர் ஆலை முடங்கினால், விவசாயி மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அந்த ஆலையின் சக்கையை நம்பியிருப்பவரும் வேறு இடம் தேட வேண்டும்.

ஜல்லிக்கு ஒரு சட்டை

வாசுதேவன் முறையில் பிளாஸ்டிக்கைத் தாரில் போட்டுக் கலக்குவதில்லை. முதலில் ஜல்லியைச் சுமார் 160-170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பொடிப்பொடியாகத் துருவிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், சில நொடிகளில் உருகி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் தார். சாதாரண ரோட்டில் மழைத் தண்ணீர் தாருக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரிக்கும்; குழி விழுவது அப்படித்தான். இங்கே கல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, தாரும் பிடியை விடுவதில்லை. ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். ஏறக்குறைய அதே அளவு தார் மிச்சம்.

2015 நவம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச் சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்க வேண்டும். மதுரைக்கு இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எல்லாமே உள்ளே வந்துவிடும்.

அப்புறம் ஏன் கண்மாய்க் கரையில் இன்னும் கவர் பறக்கிறது?

கெமிஸ்ட்ரி எப்போதோ முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது பிரிக்கும் வேலை. சாம்பார் ஊற்றிய கவர் அப்படியே மெஷினுக்குப் போகாது. கழுவி, காய வைத்து, துருவ வேண்டும். நடுவில் ஒரு பி.வி.சி. துண்டு கலந்தால் ஆபத்து. அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தார் பிளான்ட்டில் நிற்கும் தொழிலாளிதான் அதைச் சுவாசிக்க வேண்டும். தேய்ந்த ரோட்டிலிருந்து நுண்பிளாஸ்டிக் கிளம்பாதா என்ற கேள்வியும் நியாயமானது. கவரை முதலிலேயே தவிர்ப்பதுதான் உத்தமம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதும் அதற்காகத்தான்.

வேலை கிடைக்குமா?

இந்தப் பெயரிலேயே விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான். 'சஸ்டெயினபிலிட்டி அனலிஸ்ட்', 'எல்.சி.ஏ. கன்சல்டன்ட்', 'ஈ.எஸ்.ஜி.' என்று தேடிப் பாருங்கள். பங்குச் சந்தையின் டாப் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் கழிவு, தண்ணீர், மின்சாரக் கணக்கைச் சொல்லும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை செபியின் விதிப்படி கட்டாயம் தர வேண்டும். அதை எழுத ஆள் வேண்டுமே! கெமிக்கல், சிவில், என்விரான்மென்டல் இன்ஜினியரிங் படித்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். எக்செல் நன்றாகத் தெரிந்தால் பாதி தூரம் வந்த மாதிரி.

மீதிப் பாதி ஏ.சி. ரூமில் கிடைக்காது. அவனியாபுரம் பக்கம் வெள்ளக்கல் மாதிரியான குப்பைக் கிடங்கில், ஒரு லாரி லோடைக் கொட்டி, பால் கவர் எத்தனை கிலோ, பி.வி.சி. எத்தனை கிலோ என்று கையுறை மாட்டிக்கொண்டு பிரித்து எடை போடுவதும் இந்த வேலையில் சேர்த்திதான். லிங்க்ட்இனில் போட அந்தப் போட்டோ அவ்வளவு அழகாக வராது.