மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால் மட்டும் போதுமா?

போன ஆடி மாசம் என் மகள் பத்து மாதப் பேரனோடு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் ராத்திரி குழந்தைக்கு ஜுரம். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். போன வாரம்தான் எடை பார்த்திருந்தார்கள், எட்டரைக் கிலோ. "பாராசிட்டமால் சிரப் 5 மில்லி கொடுங்க, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலையில கூட்டிட்டு வாங்க" என்றார்கள். மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, வழியில் வெளிச்சம் தெரிந்த ஒரு கடையில் மருந்து வாங்கி வந்தார்.

மகள் 5 மில்லியை மூடியில் ஊற்றிவிட்டாள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பாட்டில் கையடக்கமாக இருந்தது. மேலே 15 மில்லி என்று போட்டிருக்கிறது. 'இத்தனூண்டு பாட்டில் மூணு வேளைக்குத்தானே வரும்? யாராவது இப்படி விப்பாங்களா?' என்று சமையல்கட்டுக் கணக்குதான் போட்டேன், சகோதரிகளே. வேறு படிப்பு எனக்கு ஏது? எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தினவள் நான்.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கொடுத்துட்டீங்களா தங்கச்சி?"

"இல்லேண்ணே, ஊத்தி வெச்சிருக்கோம்."

"முதல்ல போன் போட்டு அதைக் கொட்டச் சொல்லு. இது சிரப் இல்ல, டிராப்ஸ். இதுல ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கு. டாக்டரம்மா சொன்ன சிரப்புல 5 மில்லிக்கு 125 தான். நீங்க ஊத்தினது 500. நாம பெரியவங்க போட்டுக்கிற ஒரு முழு மாத்திரை!"

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. ஆறு மணிக்கொரு தடவை அதே அளவில் கொடுத்துக்கொண்டே போயிருந்தால் குழந்தையின் ஈரல் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை இங்கே எழுதக்கூட மனசு வரவில்லை. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்பதுதான் ஒரு வேளைக் கணக்காம். மாப்பிள்ளை வாங்கின கடையில் மருந்தாளுநர் இல்லை. எடுத்துக் கொடுத்த பையன், "குழந்தைக்கா? இந்தாங்க" என்று கொடுத்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன பயன்? அவன் சம்பளத்துக்கு நிற்கிற பையன்.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் மருந்துக் கடை என்பதைப் பற்றியே நான் யோசிக்க ஆரம்பித்தேன். அண்ணனிடம் ஓய்வாக இருக்கும்போதெல்லாம் போய்ப் பேசினேன். அவர் சொன்னதும், அங்கே இங்கே படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டாக்டர் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்திலேயே கம்பவுண்டர் இருப்பார். வீட்டிலிருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். சிவப்பு மிக்சரை ஊற்றி, பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் அளவு ஒரு வேளை. எழுத்துத் தெரியாத ஆயாகூடத் தப்பில்லாமல் கொடுத்துவிடும். இன்றைக்கு எல்லாம் ரெடிமேடாக அட்டையிலும் பாட்டிலிலும் வந்துவிடுகிறது. 'அப்புறம் மருந்தாளுநர் எதுக்கு, எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் போதாதா' என்று நாமும் நினைத்துவிட்டோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்கிறார் அண்ணன்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1940-ல் வந்த மருந்துச் சட்டமும் 1948-ல் வந்த பார்மசி சட்டமும் நாட்டுக்கே பொது. டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் கொடுக்க வேண்டும், அல்லது அவர் கண் முன்னால் கொடுக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் டிப்ளமா, இல்லையென்றால் நாலு வருஷம் பி.பார்ம். படித்தவர்கள் இவர்கள். 2008-லிருந்து ஆறு வருஷ பார்ம்.டி. படிப்பும் வந்திருக்கிறது. நம்ம ஊரிலேயே கோரிமேடு இந்திரா நகரில் அரசின் அன்னை தெரசா நிலையத்தில் பார்மசி கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் நடைமுறை? சில கடைகளில் சுவரில் கண்ணாடி போட்ட சர்டிபிகேட் தொங்கும். அந்தப் பெயருக்குரியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். சர்டிபிகேட்டுக்கு மாத வாடகை! படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கடைக்காரர் கொடுக்கிற சம்பளம், ஜவுளிக் கடையில் துணி மடித்து வைக்கிற பிள்ளையின் சம்பளத்துக்கு மேல் பெரிசாக இல்லை என்றால், யார் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை நிற்பார்கள்? கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அரசு விலை நிர்ணயம் செய்கிற மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவிகிதம் என்று 2013-ம் வருஷ விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்கிறது. அதில் வாடகை, கரண்டு, ஆள் சம்பளம், தேதி முடிந்து வீணாகிற சரக்கு எல்லாம் அடங்க வேண்டும்.

என் பெரியம்மா மகள் பாரீஸ் பக்கத்தில் இருக்கிறாள். நம்ம புதுச்சேரியில் பாதி வீட்டுக்கு அப்படி ஒரு சொந்தம் இருக்கும்! அங்கே பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற கடையை மருந்தாளுநர்தான் சொந்தமாக வைத்திருக்க முடியும். பணம் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்துவிட முடியாது. இத்தனை ஜனத்துக்கு ஒரு கடை என்றும் கணக்கு உண்டு. 2020 ஜனவரியிலிருந்து பாராசிட்டமாலைக்கூட வாடிக்கையாளர் கையெட்டும் அலமாரியில் வைக்கக்கூடாது, கவுண்டருக்கு உள்ளேதான். ஃப்ளூ தடுப்பூசிகூடக் கடையிலேயே போட்டுவிடுகிறார்கள். "இங்க ஒரு மாத்திரை வாங்கினா நாலு கேள்வி கேப்பாங்கடி" என்று அவள் முன்பு அலுத்துக்கொள்வாள். இப்போது அந்த நாலு கேள்வியின் அருமை எனக்குத் தெரிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஊரை விட்டுப் போனபோது கட்டடங்களையும் ரொட்டியையும் விட்டுப் போனார்கள், இந்த வழக்கத்தை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்களோ!

சரி, இப்போதைய பெரிய சண்டைக்கு வருவோம். போனில் தட்டினால் மருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது, விலையிலும் தள்ளுபடி. 2017 மே 30-ம் தேதியும் 2018 செப்டம்பர் 28-ம் தேதியும் நாடு முழுக்க மருந்துக் கடைகளை அடைத்தார்களே, அது இதை எதிர்த்துத்தான். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் மருந்துக் கடைகளுக்கு வரைவு விதிகள் வெளியிட்டது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட, 2019 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. 2020-ல் கொரோனா வந்தது. அந்த மார்ச்சில் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்க அரசே அனுமதித்தது. நானும் அப்போது வாங்கினவள்தான், மறைக்கவில்லை. மாமியாருக்கு மாசா மாசம் பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்குகிற வீட்டில் தள்ளுபடி என்பது சின்ன விஷயமா?

இதை அண்ணனிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்கும்மா, தப்பில்ல. நான் மொத்தக் கடையில எடுக்கிற விலைக்கே அவன் விக்கிறான், நான் என்ன செய்யட்டும்? ஆனா ராத்திரி ஒன்பதரைக்கு டிராப்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அவன்கிட்ட ஓட முடியாது பாரு" என்று சிரித்தார்.

விலை குறைவாக வேண்டுமென்றால் மக்கள் மருந்தகம் இருக்கிறதே! 2008-ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம். 2025 ஜனவரியில் 15,000 கடைகளை எட்டிவிட்டது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24-ம் தேதி முதல்வர் மருந்தகம் என்று 1,000 கடைகள் திறந்தார்கள். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே வருவதால் விலை குறைவு. மாமியாரின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அங்கே மாற்றினோம். கேட்காமல் நாமாக மாற்றக்கூடாது. எங்களுக்குச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அண்ணனுக்கு ஒரு வாடிக்கை குறைந்தது என்பதும் உண்மைதான்.

இதற்கு நடுவில் 2025 அக்டோபரில் அந்த இருமல் சிரப் செய்தி. நினைத்தாலே வயிறு எரிகிறது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சிரப். சோதித்ததில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவிகிதம்! 0.1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றிருக்கிறது, 1972-ல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும்!

பாட்டிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரரால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று அவரால் சொல்ல முடியும், பில் போட்டிருந்தால். அந்தச் சிரப்பில் கெட்டது எஸ்.ஆர்-13 என்ற பேட்ச். பில்லில் பேட்ச் எண் இருந்தால்தான் 'எங்க வீட்டில இருக்கிறது அதுதானா' என்று தெரியும். 'பில் எதுக்கு, பத்து ரூபா மாத்திரைக்கு' என்று நாமே வேண்டாமென்கிறோம். அப்போதே மத்திய சுகாதாரத் துறை சொன்ன இன்னொன்றையும் இளம் தாய்மார்கள் மனசில் வையுங்கள். இரண்டு வயசுக்குள் உள்ள குழந்தைக்கு இருமல், சளி சிரப் எதுவும் கொடுக்கக்கூடாது. ஐந்து வயசு வரையும் பொதுவாகத் தேவையில்லை.

அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. பாதி அட்டை வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சமையல் ஸ்பூனில் மருந்து அளக்கவே கூடாது, டிராப்ஸுக்கு அதனோடு வருகிற குழாய்தான். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கவே கேட்காதீர்கள். வீரியமான ஆன்டிபயாடிக் சிலவற்றுக்கு 2014 மார்ச்சிலிருந்து தனி ரிஜிஸ்டரில் நம் பெயர், டாக்டர் பெயர் எழுத வேண்டும், மூன்று வருஷம் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி. "சீட்டு கொண்டாங்கன்னு சொன்னா, 'பக்கத்துக் கடையில கேக்காம கொடுக்கிறான்'னு அங்கே போயிடறாங்க. நேர்மையா இருந்தா வியாபாரம் போகுது" என்றார். போனவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன், சில வருஷங்களுக்கு முன்னால்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர்ப் பக்கமே கரை கடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், கரண்டு இல்லை. இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. அண்ணன் இன்வெர்ட்டர் தீர்ந்ததும் ஐஸ் பெட்டி தேடி வாங்கி, இன்சுலின் எல்லாவற்றையும் அதில் மாற்றி, ஐஸில் நேரே படாமல் துணி சுற்றி வைத்திருந்தார். உறைந்துபோனாலும் கெட்டுவிடுமாம். எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பெரியவர்களுக்கு அதிலிருந்துதான் போனது.

இப்போது அந்தக் கடையையே மூடப் போகிறார். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கடைக்கு வர மாட்டான். கட்டடக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். "பொங்கல் வரைக்கும் பாக்கிறேன்" என்கிறார்.

கடையில் இரண்டு வருஷமாக டிப்ளமா முடித்த ஒரு பெண் வேலை பார்க்கிறது. கெட்டிக்காரி. மருந்துக் கவர் மேல் தமிழில் எழுதிக் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்களுக்குக் காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை என்று படம் போடும். போன வாரம் அதுவே அண்ணனிடம், "கடையை எனக்குக் கொடுங்க சார், நான் நடத்தறேன்" என்று கேட்டிருக்கிறது. அட்வான்ஸுக்கும் சரக்குக்கும் வேண்டிய பணத்துக்குப் பேங்கில் மனு போட்டிருக்கிறார்கள். அதன் அப்பா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், ஜாமீனுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்களாம்.

நேற்று மாமியாருக்குச் சர்க்கரை பார்க்கிற பட்டை வாங்கப் போனேன். அந்தப் பெண் ஃபிரிட்ஜின் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. "என்னம்மா, பேங்கில என்ன சொன்னாங்க?" என்றேன். "திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, "பேரனுக்கு இப்ப எடை எவ்வளவு?" என்று கேட்டது.