பல்லும் சொல்லும்

எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூற வந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்துகளாக உருப்பெறும் என்பார். இவ்வைந்தனுள் பல்லை முதலில் வைத்தமை எண்ணத்தக்கது. மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றத் தகர நகரங்கள் பிறக்கின்றன. பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கிறது. திருக்குர்ஆனை ஓதக் கற்பிக்கும் ஆசிரியர்களும் 'மக்ரஜ்' என்னும் எழுத்துப் பிறப்பிடங்களைக் கூறுகையில் பல்லுக்குத் தனியிடம் தருவர். கீழுதடு மேல்முன்பற்களின் நுனியைத் தொட 'ஃபா' பிறக்கும். வேறு மூன்று எழுத்துகள் நாநுனி அப்பற்களின் விளிம்பைத் தொடுவதால் பிறக்கும்.

ஆதலின் பல்லின்மேல் ஓர் உறை ஏறினால் சொல்லுக்கு என்ன நேரும் என்பது தமிழ் பயில்வோர்க்கும் உரிய வினாவே. வரிசை தப்பிய பற்களுக்குக் கம்பி கட்டுவதை நம் ஊர்களில் 'கிளிப் போடுதல்' என்பர். இன்று அக்கம்பிக்கு மாற்றாக 'அலைனர்' என்னும் ஒளிபுகு பல்லுறை வந்துவிட்டது. இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி இளைஞர் சிலர் வாயிலும் இதனைக் காணலாம். காண இயலாமையே இதன் சிறப்பு என்பதால், அறியலாம் என்று திருத்திக் கொள்வோம்.

பல்லைச் சீர்செய்யும் முயற்சி மிகப் பழையது. அந்தலூசின் கொர்தோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையைத் தம் நூலில் விளக்கியுள்ளார். நம் நாட்டில் 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர் டாக்டர் இரஃபியுத்தீன் அகமது. கம்பியின்றி நெகிழ்வான அச்சினால் பல்லை நகர்த்தும் கருத்தை 1945-இல் அமெரிக்கரான கெஸ்லிங் வெளியிட்டார். ஆயினும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அச்சினைக் கையால் செய்வது பெரும்பாடு. கணிப்பொறி அத்தடையை நீக்கியது. 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் 'இன்விசிலைன்' முறைக்கு 1998-இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது.

பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. இடைவிடாத மென்மையான அழுத்தம் பட்டால், அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. பல் மெல்ல இடம்பெயர்கிறது. ஓர் உறை நகர்த்தும் தொலைவு ஏறத்தாழ கால் மில்லிமீட்டரே. ஒரு வாரமோ இரு வாரமோ அணிந்தபின் அடுத்த உறைக்கு மாறவேண்டும். புதிய உறையை மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள்கள் பற்களில் இறுக்கமும் நோவும் தோன்றும், பின்னர் அடங்கும். உறையின் விளிம்பு நாவையோ கன்னத்தையோ உராய்ந்தால் மருத்துவரிடம் சொல்லி இழைத்துக் கொள்ளலாம். அதுவரை மெழுகு வைத்துக் கொள்வர். பற்களின்மேல் பல்லின் நிறத்திலேயே சிறு புடைப்புகளை ஒட்டுவதும் உண்டு. உறை பல்லைப் பற்றிக்கொள்ள அவை பிடிமானம் ஆகின்றன.

இம்முறையின் பெரு நன்மை, உறையைக் கழற்ற முடிவது; பெருங்கேடும் அதுவே. கம்பியை நினைத்தபோது கழற்ற இயலாது. அது தன் வேலையைத் தானே பார்க்கும். உறையோ அணிபவரின் மனவுறுதியை நம்பியிருக்கிறது. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவேண்டும். 22 மணி நேரம் என்றால் எஞ்சுவன இரண்டே மணி. மூன்று வேளை உணவுக்கும், உண்டபின் பல் துலக்குதற்கும் அவை சரியாகிவிடும். நம் வட்டாரத்திலோ நூற்பாலையில் முறைப்பணி பார்ப்பவர் முதல் கல்லூரி ஆசிரியர் வரை தேநீரின்றி யாருக்கும் பொழுது நகர்வதில்லை. சூடான தேநீர் உறையை நெளியச் செய்யும், கறையும் படியும். கழற்றிவிட்டுக் குடித்தால் நேரம் போகும். ஆகவே உணவோடு சேர்த்துத் தேநீரையும் முடித்துக் கொள்வதே இதற்குரிய வழி. தண்ணீர் மட்டும் எப்போதும் குடிக்கலாம்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அதனைத் தின்னலாம், தின்றபின் வாய் கழுவாமல் உறையை மாட்டுவதே தீது. உமிழ்நீர் இயல்பாகப் பல்லைக் கழுவிக் காக்கிறது. உறைக்குள் சிக்கிய இனிப்பை அது எளிதில் அணுகாது. சொத்தைக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. விருந்தில் உறையைக் கழற்றித் தாளில் சுற்றி இலையோரம் வைப்பவர் பலர். இலையை எடுப்பவர்க்கு அது குப்பையே. நிக்காஹ் விருந்தாயினும் வளைகாப்பாயினும், உறைக்குரிய சிறு பெட்டி சட்டைப்பையில் இருத்தல் வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். நாற்பதைக் கடந்தபின் இவ்வுறையை அணிய நேர்ந்த யான், முதல் வாரத்திலேயே பிறப்பியலை நடத்த வேண்டியதாயிற்று. உறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவே போதும், பல்லைத் தேடிச் செல்லும் நாவுக்கு முன்னதாகவே ஒரு சுவர் எதிர்ப்படுகிறது. தகர நகரங்கள் தடித்து ஒலித்தன. மிகுதியும் அல்லலுற்றது சகரமே. தொல்காப்பியர் கூறும் சகரம் நாவின் இடைப்பகுதி அண்ணத்தின் இடைப்பகுதியைத் தொடுவதால் பிறப்பது. அதற்குப் பல் வேண்டா. இன்று நாம் 'சங்கம்', 'சிலம்பு' என்னும்போது ஒலிப்பதோ பெரும்பாலும் பல்லிடுக்கில் காற்று உரசும் ஒலி. அவ்விடுக்கை உறை குறுக்கியதால் சிலம்பு வேறொரு பெயராக வெளிவந்தது. முன்வரிசை மாணவியர் முறுவலை அடக்கிக் கொண்டனர். நூற்பா சொன்னதை வகுப்பு கண்கூடாகக் கண்டது என்னும் அளவில் அது பயனுள்ள பாடமே.

வகுப்பு நேரத்தில் மட்டும் கழற்றிவிடலாமே என்னும் எண்ணம் எழாமல் இல்லை. நாளொன்றுக்கு நான்கு வகுப்பு என்றால் நான்கு மணி நேரம். இரண்டு மணிக்கே இடமுள்ள கணக்கில் அது அடங்காது. பட்டிமன்ற மேடை ஏறும் மாணவர்க்கும் வகுப்பெடுக்கப் பயிற்சி பெறும் மாணவியர்க்கும் இச்சிக்கல் உண்டு. கழற்றுவதைவிட உரத்து வாசித்தலே மருந்து. இரவில் அரைமணி நேரம் தகர, நகர, சகரங்கள் மிகுந்த உரைப்பகுதிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பத்து நாள்களில் நா தன் புதிய இடத்தை அறிந்துகொண்டது. முதலில் ஊறிய மிகை உமிழ்நீரும் அதற்குள் குறைந்தது.

ரமளான் மாதம் இவ்வுறை அணிவோர்க்கு உண்மையில் எளிய காலம். பகலில் கழற்றும் தேவையே எழுவதில்லை. சஹருக்குப்பின் பல்லையும் உறையையும் நன்கு துலக்கி மாட்டினால் நோன்பு திறக்கும்வரை கவலையில்லை. மிஸ்வாக் செய்வோர் உறையைக் கழற்றிவிட்டுச் செய்தல் வேண்டும்.

எல்லாப் பற்களையும் உறையே சீர்செய்யும் என்பது விளம்பரம். தாடை எலும்பே முன்பின்னாக இருப்பின் கம்பியோ அறுவையோ தேவைப்படலாம். ஊடுகதிர்ப் படமும் ஈறுகளின் நலமும் பாராமல் தொடங்குதல் கூடாது. மருத்துவரை நேரில் காணாமலே அஞ்சலில் உறை அனுப்பி வந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிப் பல் நகர்ந்த நிலையில் பலர் கைவிடப்பட்டனர். கம்பியைவிடச் செலவு மிகுந்த இதனைத் தவணையில் பணம் கட்டிச் செய்யும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

சிகிச்சை முடிந்ததும் உறையைத் தூக்கி எறிந்துவிட இயலாது. ஈற்றின் நார்கள் பல்லைப் பழைய இடத்திற்கே இழுக்கும். அதனைத் தடுக்க 'ரிடெய்னர்' என்னும் நிலைப்புறையை முதலில் பெரும்பொழுதும், பின்னர் இரவில் மட்டும், மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிந்து வரவேண்டும். அதனையும் பெட்டியிலேயே வைக்க வேண்டும், இலையோரத்தில் அன்று.